பத்தொன்பதாம் ஸ்டேஜில் நின்ற தண்ணீர்

பத்மாவதி வேலை பார்த்தது சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையின் அலுவலகத்தில். டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். தொண்ணூற்றைந்தில் டைப்ரைட்டர்களை எடுத்துவிட்டு மூன்று கம்ப்யூட்டர் கொண்டுவந்து வைத்தபோது, கூட இருந்த இரண்டு பேர் பயந்துபோய் ஸ்டோர்ஸுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார்கள். பத்மாவதி மாறவில்லை. பஞ்சு லாட்டுகளின் டெஸ்ட் விவரங்களை அதில் ஏற்றுவது அவள் வேலையாயிற்று. முப்பத்தெட்டு வயதில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டதைப் பற்றி வீட்டில்கூடப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

அவளுக்கு உள்ளுக்குள் ஒரு நினைப்பு உண்டு: கணக்கில் நான் கெட்டிக்காரி. வெள்ளகோவிலுக்குத் தெற்கே ஒரு வறண்ட ஊரில் பிறந்தவள். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்குக்குத் தொண்ணூற்றாறு. அதற்கு மேல் படிக்கக் கோயமுத்தூர்தான் போக வேண்டும் என்றதும் அப்பா பேச்சை நிறுத்திக்கொண்டார். காங்கயத்தில் டைப் வகுப்பு, பிறகு கல்யாணம், பிறகு இந்த மில். தொண்ணூற்றாறைப் பற்றிக் கேட்க யாருமில்லாமல் போய்விட்டது. ஆனால் மளிகைச் சிட்டையைக் கடைக்காரர் கூட்டி முடிப்பதற்குள் அவள் மனசு கூட்டி முடித்திருக்கும். அதில் அவளுக்கு ஒரு சின்ன திருப்தி.

மில்லின் சம்பள புரோகிராமை எழுதிக் கொடுத்தவன் உதய். பீளமேட்டில் மில் வைத்திருந்த குடும்பம்; வீட்டில் தெலுங்கு. அப்பாவோடு மில்லுக்குப் போகாமல், ஒரு மாடியறையில் இரண்டு கம்ப்யூட்டரோடு தனியாகத் தொழில் தொடங்கியிருந்தான். புதன்கிழமை தோறும் வந்து எதையாவது சரிபார்த்துவிட்டுப் போவான். தொண்ணூற்றேழு ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை, பையிலிருந்து ஒரு ஃபிளாப்பியை எடுத்து பத்மாவதியின் மேசையில் வைத்தான்.

"ஏனுங்க அக்கா, இது ஒரு கேமுங்க. நானே செஞ்சது. சாப்பாட்டு நேரத்துல சித்த ஆடிப் பாத்துச் சொல்றீங்களா?"

"எனக்கெதுக்குங்க தம்பி கேமெல்லாம்?"

"பெங்களூர்ல ஒரு கம்பெனிக்கு அனுப்பியிருக்கேனுங்க. இருவத்துநாலு ஸ்டேஜ்தான் இருக்குது, அரை மணி நேரத்துல முடிஞ்சுபோயிரும், இதுல என்ன சவால் இருக்குதுன்னு ஆடிப் பாக்காமயே கேக்கறாங்க. உங்களுக்குக் கஷ்டமா இருக்குதா இல்லையான்னு மட்டும் சொன்னாப் போதுங்க."

விளையாட்டின் பெயர் 'மடை'. திரையில் கட்டம் கட்டமாகப் பாத்திகள். இடது மேல் மூலையில் தண்ணீர் நுழையும். பக்கத்துப் பாத்திக்கு மடையைத் திறந்து திறந்து அதை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். ஒரு முறை நனைந்த பாத்திக்குள் மறுபடி போகக் கூடாது. நடுவில் பாறை கிடந்தால் சுற்றிப் போக வேண்டும். எல்லாப் பாத்தியும் நனைந்தால் பயிர் பச்சையாக முளைக்கும். ஒன்று காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் அப்படியே நின்றுவிடும்.

"நெசக் காட்டுல இப்படித் தண்ணி கட்டுனா எங்கப்பன் மம்முட்டிய எடுத்துக்கிட்டு வந்திருப்பாருங்க" என்றாள் பத்மாவதி. ஆனாலும் அன்று மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, இடது கையால் விசைகளைத் தட்டத் தொடங்கினாள்.

முதல் பத்து ஸ்டேஜ் ஒன்றுமேயில்லை. தயிர் சாதம் தீர்வதற்குள் தீர்ந்துவிட்டன. பதினொன்றில் முதல் முறையாகக் கை நின்றது. கண்ணுக்கு நேராகத் தெரிந்த வழியில் போனால் கடைசியில் ஒரு மூலை காய்ந்துவிடும். முதலிலேயே அந்த மூலையை நினைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். பதினைந்தில் தண்ணீர் ஒரு தென்னை மரத்தடியில் போய்த்தான் முடிய வேண்டும் என்று புது நிபந்தனை. ஒவ்வொரு ஸ்டேஜும் ஏற்கெனவே தெரிந்த ஒன்றைக் கலைத்துப் போட்டது. பதினெட்டை முடித்தபோது நாலு நாள் ஆகியிருந்தது. அந்த நாலு நாளும் மத்தியானம் எப்போது வரும் என்று இருந்தது அவளுக்கு.

பத்தொன்பதில் மாட்டிக்கொண்டாள்.

ஆறுக்கு ஆறு பாத்தி; இரண்டு பாறை. மீதி முப்பத்து நான்கு. பார்த்தால் பதினாறாம் ஸ்டேஜைவிடச் சாதாரணமாகத்தான் இருந்தது. எப்படிப் போனாலும் கடைசியில் ஒரு பாத்தியாவது காய்ந்தது. ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழி. வாரம் முழுக்க அதே கதை. பத்தொன்பதை முடித்தால்தான் இருபது திறக்கும் என்பதால் தாண்டிப் போகவும் வழியில்லை.

அதற்கடுத்த வாரம் புதன்கிழமை உதய் வந்து கேட்டதும் உண்மையைச் சொன்னாள். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"பெங்களூர்லயும் அதையேதானுங்க சொல்றாங்க. அவங்க ஆளு பத்தொம்பதுல ஒரு வாரமா நிக்கறாராம். இப்பத்தான் கேமுக்கு ஒரு கெத்து வந்திருக்குது, இதே மாதிரி இன்னும் நாலு போட்டுக் குடுத்தா எடுத்துக்கறோம்னு சொல்லிப்போட்டாங்க."

"நீங்க அதை முடிச்சிருக்கீங்களா தம்பி?"

"முடிக்காமயா போடுவேனுங்க?"

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. அவன் முடித்திருக்கிறான், தன்னால் முடியவில்லை. விஷயம் அவ்வளவுதான். அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது மனசு கனத்தது. ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு வருத்தமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். விளையாட்டுக்காக இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. இருபது வருடமாக யாரிடமும் காட்டாமல் வைத்திருந்த தொண்ணூற்றாறு மார்க், இப்போது எடுத்துப் பார்த்தால் துருப்பிடித்துக் கிடப்பது மாதிரி இருந்தது.

கணவர் ராசப்பன் அரசு பஸ் டிரைவர். வால்பாறை ரூட். ஒரு நாள் போனால் மறுநாள் வருவார். இரவுச் சாப்பாட்டில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன அம்மணி, மில்லுல ஏதாச்சும் சொல்லிப்போட்டாங்களா?" என்று கேட்டார்.

விஷயத்தைச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

"நீளத்துல என்ன இருக்குது? கரூர் ரோட்டுல நாள் முச்சூடும் ஓட்டலாம், தூக்கம்தான் வரும். ஆழியாறுக்கு மேல மலை வளைவுல ஒரு மணி நேரம் ஓட்டறதுதான் ஓட்டறது. ஆனா ஒண்ணு, வளைஞ்சு போனா அங்க ரோடு இருக்குதுங்கற நம்பிக்கையிலதான் ஸ்டியரிங்கத் திருப்பறோம்."

பத்மாவதி சரிதான் என்று தலையாட்டிவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்குள் அவள் திரையை விட்டுவிட்டுக் காகிதத்துக்கு மாறியிருந்தாள். வீணான பிரிண்ட் தாள்களின் பின்பக்கத்தில் பத்தொன்பதாம் ஸ்டேஜை வரைந்து, தண்ணீர் போகும் வரிசையில் பாத்திக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுக்கொண்டே போவாள். மாட்டிக்கொண்டால் வேறு தாள். அப்படிப் பதினாறு தாள் சேர்ந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ராசப்பன் மறதியாக வீட்டிலேயே வைத்துவிட்டுப் போன மாத்திரையைக் கொடுப்பதற்காக உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். வண்டி டிப்போவிலிருந்து இன்னும் வரவில்லை. பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்து, பையிலிருந்து அந்தத் தாள்களை எடுத்துப் புரட்டினாள். புதிதாகப் போட்டுப் பார்க்க அன்று தெம்பில்லை. சும்மா பழையதைப் பார்த்தாள்.

மூன்றாம் தாளில் வலது மேல் மூலைப் பாத்தியில் 12 என்று எழுதியிருந்தது. ஏழாம் தாளில் அதே பாத்தியில் 20. பதினோராம் தாளில் 8. வழிகள் வேறு வேறு. எண்கள் வேறு வேறு. ஆனால் எல்லாம் இரட்டைப்படை. பக்கத்துப் பாத்தியைப் பார்த்தாள். 13, 21, 7. எல்லாம் ஒற்றைப்படை. வேறொன்றைப் பார்த்தாள். பதினாறு தாளையும் மடியில் பரப்பி ஒவ்வொரு பாத்தியாகப் பார்த்தாள். எந்த வழியில் போனாலும் சில பாத்திகளில் ஒற்றைப்படைதான் விழுகிறது. சிலவற்றில் இரட்டைப்படைதான் விழுகிறது. ஒன்றுகூட மாறவில்லை.

மாறாதுதான். ஒற்றையிலிருந்து ஓரடி வைத்தால் இரட்டை, அதிலிருந்து ஓரடி வைத்தால் ஒற்றை. எவ்வளவு சுற்றினாலும் அப்படித்தான்.

ஒற்றைப்படைப் பாத்திகளை எண்ணினாள். பதினெட்டு. இரட்டைப்படைப் பாத்திகள் பதினாறு. இரண்டு பாறையும் இரட்டைப்படைப் பாத்தியின் மேலேயே உட்கார்ந்திருந்தன. ஒன்றிலிருந்து முப்பத்து நான்கு வரை எண்ணினால் ஒற்றை பதினேழு, இரட்டை பதினேழு. பதினெட்டுப் பாத்திக்குப் பதினேழு எண் எப்படிப் போதும்?

வழி இல்லை. அவளுக்குத் தெரியாத வழி என்பதல்ல, வழியே இல்லை. பெங்களூர்க்காரருக்கும் இல்லை, உதய்க்கும் இல்லை, இனி பிறக்கப்போகிறவர்களுக்கும் இல்லை.

வால்பாறை வண்டி வந்து நின்றதும், ராசப்பன் இறங்கிப் பக்கத்தில் வந்து நின்றதும் அவளுக்குத் தெரியவில்லை. "மாத்திரை" என்று அவர் கை நீட்டியபோது ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள்.

புதன்கிழமை வரை பொறுக்க முடியாமல், திங்கட்கிழமை மத்தியானம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து உதய்க்குப் போன் செய்தாள். அரை மணியில் ஸ்கூட்டரில் வந்துவிட்டான். முதலில் நம்பவில்லை. தாளை வைத்து எண்ணிக் காட்டினாள். அவனே ஒரு முறை எண்ணினான். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

"பாறைய ஒரு கட்டம் தள்ளி வெச்சேனுங்க அக்கா" என்றான் மெதுவாக. "அனுப்பறதுக்கு முந்துன நாளு. கஷ்டம் பத்தலையோன்னு தோணுச்சு. தள்ளி வெச்சதுக்கப்புறம் ஆடிப் பாக்கல."

"பழைய எடத்துலயே வெச்சுப்போடுங்க."

உதய் தாளைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினான். வெளியே பஞ்சுக் கிடங்குக்கு லாரி ஒன்று பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது.

"அவங்களுக்குப் புடிச்சதே இந்த ஸ்டேஜ்தானுங்க. இதனாலதான் கேமையே எடுத்துக்கறோம்னாங்க. முடியாதுன்னு யாருக்குத் தெரியப்போவுது? நீங்க கண்டுபுடிச்சீங்க. அத்தனை பேரும் கண்டுபுடிப்பாங்களா? ஆடறவன் கஷ்டமான கேம்னு நெனச்சுக்குவான், அவ்வளவுதானே?"

"இல்லீங்க தம்பி" என்றாள் பத்மாவதி. குரல் உயரவில்லை. "கேம் கஷ்டம்னு நெனைக்க மாட்டாங்க. நமக்குப் புத்தி பத்தலைன்னு நெனைப்பாங்க. நான் அப்படித்தான் நெனச்சேன். ரெண்டு வாரமா சோறு எறங்கல எனக்கு. முடியறதை முடியாத மாதிரிக் காட்டறது கெட்டிக்காரத்தனம். முடியாததைக் கொண்டாந்து வெச்சுப்போட்டு முடின்னு சொல்றது அப்படியில்லீங்க."

உதய் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் ரெண்டு வாரம் சோறு இறங்காமல் இருந்தது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அன்றே பாறையைப் பழைய இடத்துக்கு நகர்த்தினான். பத்மாவதி அவன் கண் முன்னாலேயே இருபது நிமிடத்தில் முடித்தாள். திரையில் பயிர் முளைத்ததைப் பார்த்து இருவருக்குமே கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

பெங்களூர்க்காரர்களுக்கு விஷயத்தைச் சொன்னபோது அவர்கள் சந்தோஷப்படவில்லை. அப்படியே இருக்கட்டுமே என்றுதான் முதலில் சொன்னார்கள். உதய் மாட்டேன் என்றான். அப்படியானால் நிஜமாகவே கஷ்டமான நாலு ஸ்டேஜ் வேண்டும், ஒரு மாதத்துக்குள் வேண்டும் என்றார்கள்.

அந்த நாலையும் செய்தவள் பத்மாவதி. தீபாவளிக்கு முந்திய மாதம் முழுக்க, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், பென்சிலும் அழி ரப்பரும் வைத்துக்கொண்டு. ஒற்றையும் இரட்டையும் சரியாக இருந்தால் மட்டும் வழி இருந்துவிடாது என்பதும் அப்போது புரிந்தது. ஒவ்வொன்றையும் தானே கடைசிப் பாத்தி வரை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள். உதய் இன்னும் பத்து கேட்டான். "நாலுலயே எனக்குத் தெரிஞ்சது தீந்துபோச்சுங்க. இனிப் போட்டா அதையேதான் பெருசு பண்ணிப் போடோணும்" என்று மறுத்துவிட்டாள்.

மறு வருடம், நாற்பது விளையாட்டு அடங்கிய ஒரு சி.டி.யில் 'மடை'யும் வெளிவந்தது. பத்மாவதியின் பெயர் எங்கும் இல்லை. உதயின் பெயரே எழுத்துப் பிழையோடு இருந்தது. ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையில் அதைப் பற்றி இரண்டு வரி வந்தது: அழகான யோசனை, ஆனால் ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடுகிறது. உதய் அதைக் கொண்டுவந்து வருத்தத்தோடு காட்டினான். பத்மாவதி இரண்டு முறை படித்தாள்.

"ஒரு மத்தியானம்னா நல்ல மத்தியானமாத்தானுங்க இருந்திருக்கும்" என்றாள்.

சில மாதம் கழித்து, பெங்களூர் கம்பெனி வழியாக, நாக்பூரிலிருந்து ஒரு கடிதம் உதய்க்கு வந்தது. ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். இருபத்தேழாம் ஸ்டேஜுக்கு விடையே கிடையாது, மூன்று வாரம் முயன்றுவிட்டேன், இது ஏமாற்று வேலை என்று. இருபத்தேழு பத்மாவதி செய்தது. உதய் விடையை அச்செடுத்து அனுப்பிவிடலாம் என்றான். அவள் வேண்டாம் என்று தானே உட்கார்ந்து ஒரு பதில் டைப் செய்தாள். ஆங்கிலத்தில் நாலே வரி. அதற்கு வழி இருக்கிறது, நான் போய்ப் பார்த்திருக்கிறேன், தாங்கள் விரும்பினால் விடையை அனுப்புகிறேன், விரும்புகிறீர்களா?

கார்டு ஒன்று பதிலாக வந்தது. விடை வேண்டாம், ஆடிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரே வரி எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டிருந்தார்.