என் பேச்சைக் கேட்டு அப்பா நிறுத்திய மாத்திரை

பண்ணையின் உயரமான தீவனத் தொட்டியில் ஏறும் இரும்பு ஏணியில் நான்காவது படியிலேயே அப்பா நின்றுவிட்டார். “தொடையில சத்தே இல்ல கண்ணு. ஈரச் சாக்கைக் கட்டித் தொங்கவுட்ட மாதிரி இருக்குது.”

நாமக்கல் பக்கம் எங்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை. எட்டு வருடமாக அப்பா சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டு வந்தார்.

நான் உயிர்வேதியியல் படித்தவன். அன்று மாலைக்குள் விடை கண்டுபிடித்துவிட்டேன். அந்த மாத்திரை மைட்டோகாண்ட்ரியாவை (உணவை ஆற்றலாக்கும், உயிரணுவுக்குள் இருக்கும் நுண்ணுறுப்பு) மந்தப்படுத்துகிறது. எலும்புத்தசை (நாம் நினைத்தபடி அசைக்கும் தசை) மைட்டோகாண்ட்ரியாவை நம்பித்தான் இயங்குகிறது. நடைப்பயிற்சியின் பலனைக்கூட மாத்திரை குறைத்துவிடுமாம். நான் புரட்டிய ஆய்வுக் கட்டுரைகளின் கடைசிப் பத்தியில் எழுதியவர்களே சொல்லியிருந்த தயக்கங்களை நான் படிக்கவில்லை.

“மாத்திரைதானுங்கப்பா உங்க காலைத் திங்குது. நிறுத்திட்டு நடங்க.”

அம்மா தடுத்தார். “டாக்டரை ஒரு வார்த்தை கேக்கலாமில்ல?”

“அவரு ரெண்டு நிமிசம் பாக்குறாரு. இவன் நாளெல்லாம் படிக்கிறான்” என்றார் அப்பா. எனக்குப் பெருமையாக இருந்தது.

முதல் வாரமே, மாத்திரையால் வந்துகொண்டிருந்த வயிற்றுப் பொருமல் நின்றது. “ஒடம்பு லேசா இருக்குதுங்க” என்று பக்கத்துப் பண்ணைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வெறும் வயிற்றுச் சர்க்கரையும் கொஞ்சம்தான் ஏறியிருந்தது. போதாதா? சோதிப்பதையே விட்டுவிட்டேன்.

மூன்றாம் மாதம் ஒருநாள் அம்மா அலறினார். “ஏனுங்க, ஊடெல்லாம் ரத்தமா இருக்குது!”

அப்பாவின் பாதத்தில் கூண்டுக் கம்பியின் துண்டு ஒன்று ஏறியிருந்தது. எப்போது ஏறியதென்று அவருக்குத் தெரியவில்லை. வலியே இல்லையாம். சர்க்கரை எகிறிக் கிடந்தது. புண் ஆறாமல் கறுத்தது. சேலத்தில் ஒரு மருத்துவமனையில் சுண்டுவிரலையும் அதற்கு அடுத்ததையும் எடுத்தார்கள்.

மருத்துவருக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். நான் மைட்டோகாண்ட்ரியா கதையைச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்டார்.

“படிச்சது தப்பில்லைங்க. ஆய்வுக்கூடத்துல தசை மேல ஊத்துற அளவு வேற. மாத்திரையா முழுங்கித் தசைக்குப் போய்ச் சேர்ற அளவு வேற. மனுசங்ககிட்ட பாத்ததுல இன்னும் ஒரே முடிவு வரல. ஆனா பல வருசம் இதைச் சாப்பிட்டா பி12 வைட்டமின் குறையலாம். அதைப் பாத்தீங்களா?”

யாரும் பார்த்திருக்கவில்லை. சோதனையில் அது அடிமட்டத்தில் இருந்தது. தொடை தளர்ந்ததிலும் பாதம் மரத்ததிலும் அதற்குப் பங்குண்டு, கட்டுப்படாத சர்க்கரைக்கும் பங்குண்டு என்றார். மாத்திரையை விடாமல் பி12 ஊசியைச் சேர்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கோழிக்குக் கால் மடங்கினால் அன்றைக்கே தண்ணீரில் பி வைட்டமின் கலக்கிவிடும் குடும்பம் எங்களுடையது. அப்பா கட்டிலில் படுத்தபடியே சிரித்தார். “கோழியாப் பொறந்திருந்தா வெரலு தப்பிச்சிருக்கும் சாமி.” நான் சிரிக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் இந்த மாத்திரை சாப்பிடும் ஒருவருக்குக் கால் சோர்ந்துபோனால், நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் பி12 சோதனை பற்றிக் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை.

மாத்திரையும் ஊசியும் இப்போது நடக்கின்றன. தொடைக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்கிறது. பாதத்துக்கு முழு உணர்வு வருமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. எனக்கு ஒவ்வொரு நாளும் அந்தப் பாதத்தில்தான் விடிகிறது. அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வோர் இடமாகத் தொட்டு, “தெரியுதுங்களாப்பா?” என்று கேட்கிறேன்.

“தெரியுது சாமி” என்கிறார். சில நாள், என் விரல் படுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறார்.