கொழுந்து வீதி, ஏழாம் இலக்கம்

'வீட்டு இலக்கம்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம். 'வீதியின் பெயர்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று. இரண்டையும் நிரப்பாவிட்டால் முறைப்பாடு போகாது. நானும் மூன்று முறை அழுத்திப் பார்த்தேன், மூன்று முறையும் அது என்னைத் திருப்பி அனுப்பியது.

அப்போது நான் கொட்டகலை பஜாரில் ஒரு கொமினிகேஷனில் வேலை செய்தேன். டெலிபோன் பூத் இரண்டு, போட்டோ கொப்பி மெஷின் ஒன்று, இன்டர்நெட் உள்ள கம்ப்யூட்டர் ஒன்று. அந்த வருஷம்தான் எங்கள் பிரதேச சபை இணையத்தளம் திறந்திருந்தது. எந்தச் சபை என்று சொல்லமாட்டேன், சொன்னால் அதற்கும் ஒரு கடிதம் வரும். "வீட்டிலிருந்தபடியே உங்கள் குறைகளை அறியத் தாருங்கள்" என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். தமிழ்ப் பக்கத்தில் பாதி எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்ததால் சிங்களப் பக்கத்தைத் திறந்து வாசித்தேன். குறை சொல்லுங்கள் என்று எங்களைக் கேட்ட முதல் ஆள் அந்தக் கம்ப்யூட்டர்தான்.

குறை இதுதான். தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் ஒரு ஆறு ஓடுகிறது. அதன் மேலிருந்த பாலத்தை மழை அடித்துக்கொண்டு போய் மூன்று மாதமாகியிருந்தது. ஒற்றை மரத்தைப் போட்டு அதன் மேல்தான் நடந்தோம். அண்ணிக்கு அப்போது ஏழு மாதம். ஆஸ்பத்திரிக்குப் போக வேறு வழி கிடையாது. வலி வந்தால் அவளை எப்படி அக்கரை சேர்ப்பது என்று அம்மா தினமும் கேட்பாள்.

லயத்துக்கு ஏது வீதி? தோட்டத்தின் பெயரையே வீதி என்று போட்டு, வீட்டு இலக்கத்துக்குச் சைபர் அடித்தேன். போய்விட்டது! அந்தச் சந்தோஷத்தில் லயத்தில் இருந்த இருபது குடும்பத்தின் பெயரிலும் அனுப்பப் பார்த்தேன். இரண்டாவதிலேயே தடுத்துவிட்டது: "இந்த முகவரியிலிருந்து ஏற்கனவே முறைப்பாடு கிடைத்துள்ளது." இருபது வீடும் அதன் கண்ணுக்கு ஒரே வீடு.

அதைவிடப் பெரிய பிழை ஒன்றையும் செய்திருந்தேன். முறைப்பாடு கிடைத்தது என்று சபை அனுப்பிய கடிதம் நான் கொடுத்த முகவரிக்கே வந்தது. எங்கள் கடிதமெல்லாம் தோட்டத்து மேனேஜரான தொரையின் ஆபீசுக்குத்தான் வரும், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். முதல் முறைப்பாடு அம்மாவின் பெயரில் போயிருந்தது. பெரிய கிளாக்கர் கடிதத்தைப் பிரித்தே கையில் வைத்திருந்தார். அம்மாவைக் கூப்பிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "தொரைக்குத் தெரியாம சபைக்கு எழுதச் சொல்லி யாரு சொன்னா?" என்றார்.

"தொரைக்கு மூணு மாசமா தெரியுங்க. அதனாலதான் சபைக்கு எழுதுனோம்" என்றாள் அம்மா.

களத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் அன்று மாலை இருபது குடும்பமும் எங்கள் வாசலில் நின்றது. "நமக்கு வீதி இல்லன்னு யாரு சொன்னா? நாம நடக்குறது என்னவாம்?" என்று அண்ணிதான் ஆரம்பித்தாள். கொழுந்துக் கூடையோடு போய்வரும் பாதை, அதனால் கொழுந்து வீதி என்று பெயர் வைத்தாள். சுவருக்கு அடிக்க வைத்திருந்த சுண்ணாம்பைக் கரைத்து லயத்து அறையான காம்பரா ஒவ்வொன்றின் கதவிலும் இலக்கம் எழுதினோம். எங்களுக்கு ஏழு வந்தது. மறுநாள் கொமினிகேஷனில் இருபது முறைப்பாடும் ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் போயின. அந்தச் சிவப்பு நட்சத்திரத்தைப் பார்த்து நான் வாய்விட்டே ஏசினேன்.

ஒரே வீதியிலிருந்து இருபது முறைப்பாடு வந்தால் நேரில் பார்க்க வேண்டும் என்று சபையில் ஒழுங்கு இருந்ததாம். பத்து நாளில் ஒரு அதிகாரி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷன். மெயின் ரோட்டுக் கரையில் நின்றுகொண்டு என்னைப் பார்த்து, "கொழுந்து வீதி எண்டு ஒரு வீதி எங்கட பதிவில இல்லையே, பிள்ளை" என்றார். பளபளக்கும் சப்பாத்தோடு ஒற்றை மரத்தைப் பார்த்தார். கால் வைக்கவில்லை.

லயத்துப் பக்கமிருந்து அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மரத்தில் ஏறினாள்.

"நில்லுங்கோ, நில்லுங்கோ! இந்த நிலைமையில ஏன் வாறியள்?" என்று அவர் கத்தினார்.

"ஆஸ்பத்திரிக்குப் போறப்ப நில்லுன்னு சொல்ல நீங்க வருவீங்களா, சார்?" என்று கேட்டுக்கொண்டே அண்ணி நடந்து போய் அவர் முன்னால் நின்றாள்.

அவர் அண்ணி கடந்து வந்த மரத்தை இன்னொரு முறை பார்த்தார். பிறகு சட்டத்தை மெதுவாக விளக்கினார். ஆற்றின் லயத்துப் பக்கம் தோட்டத்துக் காணி, அங்கே சபைப் பணத்தில் ஓர் ஆணி கூட அடிக்க முடியாது. ரோட்டுப் பக்கம் மட்டும்தான் சபைக்குச் சொந்தம்.

அம்மா லயத்துக் கரையிலிருந்தே குரல் கொடுத்தாள். "அப்ப உங்க பாதிய நீங்க போடுங்க சார். எங்க பாதிய நாங்க போட்டுக்கிறோம்."

அவர் அதையும் குறித்துக்கொண்டார். நாங்கள் சொன்னதைச் செய்தோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் நடு ஆற்றில் கல்லடுக்கித் தூண் எழுப்பி, அதுவரை அகலமாகப் பலகை போட்டோம். மறுபாதிக்காகச் சபையைப் பார்த்துக் காத்திருந்தோம்.

அண்ணிக்கு வலி ஒரு மத்தியானம் வந்தது. கம்பளியில் கிடத்தி நாலு பேர் தூக்கினார்கள். எங்கள் பாதியில் நாலு பேரும் தாராளமாக நடந்தார்கள். சபையின் பாதியில் அண்ணி இறங்கி, அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒற்றை மரத்தில் அடிமேல் அடி வைத்துப் போனாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். பயத்தை விட எனக்கு ஆத்திரம்தான் அதிகமாக இருந்தது. அவள் அக்கரையில் கால் வைத்தபோதுதான் நான் மூச்சு விட்டேன்.

பெண் குழந்தை. பிறப்பைப் பதியும்போது பதிவாளர் முகவரி கேட்டார். அண்ணன் தோட்டத்தின் பெயரைச் சொல்ல வாயெடுத்தான். அண்ணி அவனை முந்திக்கொண்டு, "ஏழாம் இலக்கம், கொழுந்து வீதி" என்றாள். பதிவாளர் தலையைக் கூட நிமிர்த்தாமல் எழுதினார், சீலும் குத்தினார்.

அந்தச் சான்றிதழை நான் கொமினிகேஷனில் ஸ்கேன் செய்தேன். சபையின் படிவத்தைத் திறந்தேன். முறைப்பாட்டாளர் பெயர் என்ற கட்டத்தில் குழந்தையின் பெயரை அடித்தேன். வயது, பதினொரு நாள். வீட்டு இலக்கம், ஏழு. வீதி, கொழுந்து வீதி, அரசாங்கப் பதிவு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. முறைப்பாடு என்ற பெரிய கட்டத்தில் ஒரே ஒரு வரி எழுதினேன்.

"எங்கள் பாதி முடிந்துவிட்டது, உங்கள் பாதி எங்கே?"