இடம் வலம் மாறிய பாதை

அக்கா இறந்த நான்காம் நாளே நான் வேலைக்குப் போய்விட்டேன். வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் நான் அழுகிறேனா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழுகை வரவில்லை. பசியும் வரவில்லை, ஆனால் வேளாவேளைக்குச் சாப்பிட்டேன். “இப்படியும் ஒரு மரக்கட்டை இருக்குமா” என்று பெரியம்மா என் காதுபடவே சொன்னாள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று திண்டிவனத்தில் ரயில் ஏறி விழுப்புரத்தில் இறங்கினேன்.

வேலை, பழைய வான்வழிப் படங்களை ஸ்கேன் செய்வது. எந்தக் காலத்திலோ விமானத்திலிருந்து இந்தச் சுற்றுவட்டாரத்தையெல்லாம் படமெடுத்து, பிலிம் சுருள்களைத் தகர டப்பாக்களில் போட்டுப் பூட்டி, அப்படியே மறந்தும் போயிருந்தார்கள். அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கும்படி செய்வதற்கு ஒரு சின்ன கம்பெனி கான்ட்ராக்ட் எடுத்திருந்தது. நானும் இன்னொரு பெண்ணும் ஸ்கேன் செய்வோம். மேற்பார்வைக்கு ஒரு சார். அறையில் ஏசி ஜில்லென்று இருக்கும். அது பிலிமுக்காகப் போட்டது, எங்களுக்காக இல்லை.

அவ்வளவு உயரத்திலிருந்து மனிதர்கள் தெரிய மாட்டார்கள். எனக்கு அது வசதியாக இருந்தது. ஏரித் தண்ணீர் கறுப்பாகத் தெரியும். ஆட்கள் நடந்து நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதைகள் தார் ரோட்டைவிட வெள்ளையாகத் தெரியும்.

பிலிமுக்கு ஒரு பக்கம் பளபளப்பு, மறு பக்கம் மங்கல். எங்கள் இயந்திரத்தில் பளபளப்புப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பதுதான் சார் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். மாற்றி வைத்தால் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாகிவிடும். அசல் சுருளிலிருந்து பிரதி எடுத்த சுருளாக இருந்தால் மட்டும் இந்த விதி அப்படியே தலைகீழ். அந்த டப்பாக்களின் மேல் ‘டூப்ளிகேட்’ என்று எழுதியிருக்கும். அபூர்வமாகத்தான் அப்படி ஒன்று வரும்.

நான் வேலைக்குத் திரும்பிய அந்த வாரம் கண்டமங்கலம் பக்கத்துச் சுருள் ஒன்று வந்தது. டப்பா மேல் டூப்ளிகேட் என்று எழுதியிருந்ததைப் படித்தேன். கண் படித்தது, அவ்வளவுதான். வழக்கம்போலப் பளபளப்பை மேலே வைத்து முழுச் சுருளையும் ஸ்கேன் செய்துவிட்டேன். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் அதன் எண் இருக்கும். நான் அதைப் பார்க்காமல் பட்டியலைப் பார்த்தே எண்களைத் தட்டினேன். சார் ஒவ்வொரு சுருளிலும் முதல் படத்தைத் திறந்து, ஓரத்து எண் நேராக இருக்கிறதா என்று பார்ப்பார். இந்தச் சுருளின் முதல் படம் 101. ஒரு கோடு, ஒரு சுழி, ஒரு கோடு. கண்ணாடியில் பார்த்தாலும் அது 101தான். “ஓகேம்மா” என்றார். படங்கள் இணையத்துக்குப் போய்விட்டன.

சில மாதம் கழித்து ஒருவர் எங்கள் அறையைத் தேடிக்கொண்டு வந்தார். நாற்பது வயது இருக்கும். கண்டமங்கலத்துப் பக்கம் ஒரு கிராமம், வேலை பாண்டிச்சேரியில் ஏதோ பாக்டரியில். கம்பெனிச் சட்டையோடு நேராக வந்திருந்தார். கையில் எங்கள் படம் ஒன்றைப் பெரிதாக பிரிண்ட் போட்டு வைத்திருந்தார்.

அவர்கள் காலனியில் எல்லோரும் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். கல்லறை ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு நிலத்தின் ஓரமாகத்தான் காலங்காலமாகப் போவார்கள். அந்த நிலத்தைப் புதிதாக வாங்கியவர் பாதையையும் சேர்த்து உழுது கம்பிவேலி போட்டுவிட்டார். தாலுக்கா ஆபீசில் மனு கொடுத்தால், பாதை இருந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். இவர் எப்படியோ எங்கள் படத்தைக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அதிகாரி அதைக் கிராம வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பாதை ஏரிக்குக் கிழக்கே போகிறது, உங்கள் கல்லறையோ மேற்கே இருக்கிறது, இது உங்கள் ஊரே இல்லை என்று மனுவைத் திருப்பிவிட்டார்.

“எங்க ஊரு மாதிரியே கீதுங்க மேடம். ஆனா எங்க ஊரு இல்ல. ஏரித் தண்ணி வழியற கலங்கல் அந்தாண்ட இருக்கணும், இதுல இந்தாண்ட கீது. எனக்கே கொழப்பமா பூடுச்சு.” பிறகு குரலை இறக்கிச் சொன்னார். “அப்பா படுத்த படுக்கையா கீறாருங்க. அம்மா பக்கத்துல வைங்கடான்னு தெனமும் சொல்லிக்கினே கீறாரு. வழி இல்லன்னு அவருகிட்ட எப்படிங்க சொல்றது?”

நான் 102ஐத் திறந்தேன். ஓரத்தில் 2 முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

பயமோ வெட்கமோ வரவில்லை. தப்பு என்னுடையது என்று தெரிந்தது, அவ்வளவுதான். அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு சாரிடம் போனேன். சார் கொஞ்ச நேரம் தலையைப் பிடித்துக்கொண்டார். “திரும்ப ஸ்கேன் பண்ணி பைலை மாத்திடு. எழுத்துல ஒண்ணும் குடுக்காதம்மா. முழு சுருளும் தப்புன்னு தெரிஞ்சா கான்ட்ராக்டே போயிடும், ஒன்னோட சேத்து எல்லாரும் வீட்டுக்குப் போகணும்.”

அன்றே மாற்றிவிட்டேன். ஆனால் வெறும் படம் அவருக்குப் போதாது. அதே படம் திடீரென்று வேறு பக்கம் திரும்பி நின்றால் எந்த அதிகாரி நம்புவார்? செல்போன் வைத்திருக்கிற யாரும் படத்தைத் திருப்பிவிடலாம். முன்னால் வெளியிட்டது தவறு, இதுதான் சரி என்று எங்களிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும். அவர் தினமும் மத்தியானம் போன் செய்து அதைத்தான் கேட்டார். “பாக்கறேங்க” என்று நானும் தினமும் சொன்னேன். சாரை எதிர்த்துப் பேச வேண்டும் என்று தோன்றவில்லை. சார் சொன்னதில் தப்பு இருப்பதாகவும் தோன்றவில்லை. எதுவுமே தோன்றவில்லை. இப்படி ஒன்பது நாள் ஓடியது. கடைசி இரண்டு நாள் போனும் வரவில்லை. நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பத்தாம் நாள், மாற்றிய படங்களை ஒரு முறை சரிபார்க்க உட்கார்ந்தேன். அந்த ஊர்ப் படத்தைப் பெரிதாக்கினேன். காலனியிலிருந்து கிளம்பிய வெள்ளைக் கோடு வயல் ஓரமாகப் போய்க் கல்லறைச் சுவரில் முடிந்தது. அதற்கு அப்பால் எந்த ஊருக்கும் அது போகவில்லை. வேறு எதற்கும் யாரும் அந்த வழியில் நடக்கவில்லை. செத்தவர்களைத் தூக்கிக்கொண்டு போனவர்களும், பிறகு அவர்களைப் பார்க்கப் போய்வந்தவர்களும் மட்டுமே நடந்து வெளுத்த பாதை. இத்தனை பேர் போய்வந்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு கடிதத்தை டைப் செய்தேன். நகல் சுருளைப் பக்கம் மாற்றி வைத்தது நான் என்று என் பெயரையும் போட்டேன்.

சார் அதை இரண்டு முறை படித்தார். கோபப்படுவார் என்று நின்றேன். “சீல் மேல் டிராயர்ல இருக்கு. நான் டீ குடிக்கப் போறேன்” என்று எழுந்து போய்விட்டார்.

சீல் வைத்து, புதிய பிரிண்டையும் எடுத்துக்கொண்டு, பாண்டிச்சேரி போகிற பஸ்ஸில் ஏறினேன். கண்டமங்கலத்தில் இறங்கி ஆட்டோ பிடித்துக் காலனியில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் பந்தல் பிரித்த மூங்கில்களும், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளும் இருந்தன. பார்த்தவுடனே புரிந்துவிட்டது.

அவர் உள்ளேயிருந்து வந்தார். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

“எப்பங்க?” என்றேன்.

“செவ்வாக்கிழமைங்க.”

“எங்க வச்சீங்க?”

“வேலிய தொறக்க மாட்டேன்னுட்டாங்க. போலீஸ்லாம் வந்து ஒரே பேஜாரா பூடுச்சு. சர்ச்சு சாமியார்தான் பேசி, பக்கத்து ஊரு கல்லறையில எடம் வாங்கிக் குடுத்தாரு.”

அம்மா இந்த ஊரில், அப்பா அந்த ஊரில். செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுவிட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. மாதக்கணக்கில் வராத அழுகை வந்தது. அடுக்கியிருந்த நாற்காலி மேலேயே சாய்ந்துகொண்டேன். “இந்த லெட்டரை நான் அன்னிக்கே குடுத்திருக்கலாங்க. குடுக்காம இருந்தது நான்தான்” என்று சொன்னேன். அழுதுகொண்டுதான் சொன்னேன்.

அவர் கடிதத்தை வாங்கி, வரிக்கு வரி விரல் வைத்துக் கடைசி வரை படித்தார். பிரிண்டை விரித்து, கலங்கல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தார். இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, தண்ணீர் படாதபடி வாயை மடித்தார்.

“அப்பாவுக்குத்தாங்க லேட்டாயிடுச்சு” என்றார். “எனக்கு ஒதவும்.”