ஏரிக்கு அடித்த கண்ணீர் அஞ்சலி

இதை எழுத வேண்டாம் என்று விட்டுவிடத்தான் இருந்தேன். நான் எழுதுவதெல்லாம் ஃப்ளெக்ஸ் பேனருக்கு. பத்தடிக்கு எட்டடியில் அடங்காத எதையும் எழுதிப் பழக்கமில்லை. ஆனால் டீக்கடையில் ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். அதில் ஒரு கதையில் நான் போலீஸ் ஸ்டேஷனில் அழுதேனாம். கால் ஆடியது உண்மை. அழவில்லை. அதைச் சொல்வதற்காகவாவது எழுத வேண்டியிருக்கிறது.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனராக இருக்கிறேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், சாவு என்று மனுஷனுடைய எல்லாக் கட்டத்துக்கும் எங்கள் கம்ப்யூட்டரில் பேக்கிரவுண்டு உண்டு. காதுகுத்துக்கு வானவில், செத்தவருக்கு மேகம். பத்தாவதில் இங்கிலீஷ் என்னைக் கைவிட்டது. தமிழில் வசனம் எழுதுவதை யாரும் தடுக்கவில்லை.

என் நண்பன் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். எங்கள் ஊர்க் காலனிக்காரன். அவனுக்கு ஒரு கெட்ட பழக்கம், கிராம சபைக் கூட்டத்துக்குப் போவான். போனாலும் பரவாயில்லை, போட்டோவுக்கு நின்றுவிட்டு வரலாம். இவன் கேள்வி கேட்பான்.

எங்கள் ஊர் ஏரியில் வண்டல் எடுப்பதாக பர்மிட் வாங்கிக்கொண்டு, ஆளுங்கட்சிப் புள்ளி ஒருவர் அடிமண்ணையே தோண்டித் தன் டிப்பர் லாரிகளில் ஏற்றிக்கொண்டிருந்தார். மழை பெய்தாலும் தண்ணீர் பள்ளத்தில் போய்க் கிடக்கும். மதகு மேலே காய்ந்துகொண்டு நிற்கும். கழனிக்குத் தண்ணீர் பாயவில்லை.

"எத்தினி அடிக்கு பர்மிட்டு, எத்தினி அடி தோண்டியிருக்கீங்க? அதிகாரி யாராச்சும் வந்து அளந்தாங்களா?" என்று கூட்டத்தில் எழுந்து கேட்டான்.

"உக்காருப்பா, டீ வருது" என்றார்கள்.

டீ வந்தது. பதில் வரவில்லை. தாலுகா ஆபீசுக்கு மனு போட்டான், கலெக்டர் ஆபீசுக்கும் போட்டான். எங்கும் அதே கதைதான், டீ மட்டும் கிடையாது.

அப்புறம் ஒரு நாள் எங்கள் கடைக்கு வந்தான்.

"கண்ணீர் அஞ்சலி ஒண்ணு அடிக்கணும்டா."

"அய்யய்யோ, யாருடா?"

"ஏரி."

நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவன் சொன்னது ஏரி செத்துவிட்டது என்பது மட்டும். மற்றதெல்லாம் என் கைவண்ணம். மேகத்துக்கு நடுவில் ஏரி நிறைந்திருந்த காலத்துப் படம். அதற்குக் கீழே இப்படி எழுதினேன்: 'தோற்றம்: எந்த ராஜாவோ வெட்டிய நாள். மறைவு: தினமும் கொஞ்சம் கொஞ்சமாக. இறுதி ஊர்வலம்: டிப்பர் லாரியில் நடந்துகொண்டே இருக்கிறது. துக்கம் விசாரிக்க வராதவர்கள்: அதிகாரிகளும் ஆளுங்கட்சியும். வருந்தும் உறவினர்கள்: நெற்பயிர், கொக்கு, ஊர்ப் பொதுமக்கள்.'

மூலையில் கடைப் பேரும் போன் நம்பரும் போட்டேன். எங்கள் தொழிலில் அது வழக்கம்.

"டேய், இதுல அது வேணாம்டா" என்றான்.

"நெறைய ஜனம் பாக்கும். ஓனருக்கு விளம்பரம்டா, நீ சும்மா இரு."

பஸ் ஸ்டாண்டு வாசலில் கட்டினோம். அவலூர்பேட்டை பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். படித்துப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு, "எங்க ஊரு ஏரியும் இழுத்துனுதான் கெடக்குது தம்பி" என்றார். கோட்டை பார்க்க வந்த காலேஜ் பிள்ளைகள் அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். மாலைக்குள் அது எல்லோர் போனிலும் வந்துவிட்டது.

மறுநாள் பேரூராட்சி ஆபீசிலிருந்து அதைக் கழற்ற ஆள் அனுப்பினார்கள். ஏணியோடு வந்தவர் பாதி ஏறி, மேலே படித்துவிட்டு இறங்கிவிட்டார். எங்கள் பக்கத்தில் கண்ணீர் அஞ்சலி பேனரைக் காரியம் முடியாமல் யாரும் தொட மாட்டார்கள்.

"சாவு பேனரு சார் இது. காரியம் முடியட்டும். எனக்கும் புள்ளகுட்டி இருக்குது" என்று மேஸ்திரியிடம் சொன்னார்.

"செத்தது ஏரிய்யா!"

"எதுவா இருந்தா இன்னா சார், காரியம் ஆவல இல்ல?"

கல்யாண பேனர் மாதிரி அடித்திருந்தால் அன்றைக்கே சாக்கடை மேல் விரித்திருப்பார்கள். நண்பன் இதைத் தெரிந்துதான் கேட்டிருக்கிறான். பேனர் காற்றில் ஆடிக்கொண்டு அங்கேயே இருந்தது. லாரி முதலாளிக்கு அது பொறுக்கவில்லை. நண்பன் கடையில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது போலீஸ் வந்து அழைத்துப் போனது. அரசுக்கு எதிராக மக்களைத் தூண்டினான், அதிகாரியை வேலை செய்யவிடாமல் தடுத்தான் என்று வழக்கு. அதிகாரி எப்போது வேலை செய்தார், இவன் தடுப்பதற்கு? கோர்ட்டில் நிறுத்தி ஜெயிலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதற்கப்புறம் பேனர் மூலையில் இருந்த நம்பருக்கு ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. நான் வழக்கம்போல, "வணக்கம், இன்னா சைஸு வேணும்?" என்றேன்.

"நீதான் வேணும், வா."

எங்கள் நைனா வீட்டு வாசலிலேயே மறித்துக்கொண்டார். "அவன் சொன்னான், நான் அடிச்சேன்னு சொல்லிட்டு வந்துடுடா. உள்ளதுதான?"

"பாதிதான் நைனா உள்ளது."

"அந்தப் பாதிய மட்டும் சொல்லு."

நண்பனுடைய வக்கீல் வேறு மாதிரி சொல்லியிருந்தார். அவன்தான் எழுதினான் என்று சொல்ல அவர்களிடம் ஒரு சாட்சிகூடக் கிடையாது, நான் ஒருவன் கையெழுத்துப் போட்டுவிட்டால் வழக்கு கெட்டியாகிவிடும் என்றார். அதாவது அவனை உள்ளே வைப்பதற்குத் தேவையானது என் பேனாதான். ஸ்கூலில் யாரும் மதிக்காத பேனா.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. மரியாதையாகத்தான் உட்கார வைத்தார்.

"எவ்ளோ படிச்சிருக்க?"

"பத்தாவது சார். பரீச்ச எழுதினேன், பாஸ் ஆவல."

"அப்ப இத நீ எழுதல." போனில் பேனர் படத்தைக் காட்டினார். "அவன் எழுதிக் குடுத்தான், நீ அடிச்ச. இதுல ஒரு கையெழுத்து போட்டுட்டுக் கெளம்பு. ஊர்த்தெரு புள்ள, காலனிப் பையன்கூட சேந்து எதுக்குடா கெட்டுப்போற?"

அதுவரை எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாகத்தான் இருந்தது. கடைசியாகச் சொன்ன அந்த வார்த்தையில் சிரிப்பு போய்விட்டது. டைப் அடித்து வைத்திருந்த பேப்பரை அவர் பக்கமே தள்ளி வைத்தேன்.

"வசனம் என்னுது சார்."

"பத்தாவது ஃபெயிலானவன் இப்படி எழுதுவானா?"

"இங்கிலீஷ்லதான் சார் ஃபெயிலு. ஏரி தமிழ்லதான செத்துது?"

"வாய் இருக்குது உனக்கு. சரி, நீதான்னா இங்கியே ஒண்ணு எழுது, பாக்கலாம்."

வெற்றுத்தாள் கொடுத்தார். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில், டயர் இறங்கிய பழைய ஜீப் ஒன்று கொடி படர்ந்து கிடந்தது. எழுதினேன்: 'கண்ணீர் அஞ்சலி. ஸ்டேஷன் ஜீப் அவர்கள். கடைசி வரை தள்ளிவிட்டே ஸ்டார்ட் ஆனவர். திருடன் ஓடும்போது இருந்தார், துரத்தும்போது இல்லை. அன்னாரின் பேட்டரியை எடுத்துச் சென்றவர்கள் இதையே அழைப்பாக ஏற்றுக் காரியத்துக்கு வரவும்.'

ஸ்டேஷன் ரைட்டராக இருந்த போலீஸ் அக்கா எட்டிப் படித்துவிட்டு ஃபைலால் வாயை மூடிக்கொண்டார். எஸ்.ஐ. இரண்டு முறை படித்தார். உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது வெளையாட்டு இல்ல. உன் பேரையும் கேஸ்ல சேத்துடுவேன். யோசிச்சு சொல்லு."

மேஜைக்குக் கீழே கால் ஆடியது அப்போதுதான். முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டேன்.

"சேத்துக்கங்க சார். சாட்சியா வர மாட்டேன். அவன்கூட வரேன்."

என்னை இரண்டாவது குற்றவாளியாகச் சேர்த்து, கூப்பிடும்போது வர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். ஓனர் அன்றே வேலையை விட்டு நிறுத்திவிட்டார். பிறகு ஒரு கட்சிக்காரர் பிறந்தநாளுக்கு வசனம் எழுத ஆளில்லாமல் அவரே கூப்பிட்டுக்கொண்டார். நைனா மட்டும் சில நாள் என்னோடு பேசவில்லை. சோற்றைப் பார்த்துப் பேசினார். "சாப்ட சொல்லு அவன" என்று.

நண்பன் ஜாமீனில் தாடியோடு வெளியே வந்தான். வந்ததும் என் தலையில் ஒன்று வைத்தான்.

"அறிவு இருக்குதாடா உனக்கு?"

"இருந்தா பத்தாவது பாஸ் பண்ணியிருக்க மாட்டனா?"

அடுத்த கிராம சபைக்கு இரண்டு பேரும் போனோம். அவன் அதே கேள்வியைக் கேட்டான். உட்காரச் சொன்னார்கள். அவன் உட்கார்ந்ததும் நான் எழுந்து அதையே கேட்டேன். நான் உட்கார்ந்ததும், மதகு காய்ந்துபோன கழனிக்காரர் ஒருவர் எழுந்தார். அன்றைக்கு டீ ஆறிப்போனது.

போன வாரம் கோர்ட்டில் எங்கள் பேரைக் கூப்பிட்டார்கள், வழக்கம்போல ஒத்திவைத்தார்கள். வெளியே வந்தபோது லாரிக்காரரின் ஆள் ஒருவர் என்னை ஓரமாக அழைத்துப் பேசினார். எழுதினது தப்பு என்று இரண்டு பேரும் மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் எல்லாவற்றையும் முடித்துவிடலாமாம். நண்பன் படிக்கட்டில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான். போய்ச் சொன்னேன்.

"மன்னிப்பு எழுதணுமாம்டா. வேணும்னா மேகமெல்லாம் போட்டு நானே டிசைன் பண்ணித் தரேன், இன்னா சொல்ற?"

அவன் நிமிரவே இல்லை.

"அடுத்த வாய்தா என்னிக்கின்னு வக்கீலக் கேட்டுனு வாடா."