கெட்டித்த துப்பாக்கி

எங்கள் வீட்டில் துப்பாக்கி இருந்தது என்று சொன்னால் கேட்கிறவர்கள் நாங்கள் ஏதோ ஜமீன் குடும்பம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஜமீனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கொல்லிமலையிலிருந்து இறங்கி வரும் பன்றிகள் கடலைக்காட்டை ஒரே ராத்திரியில் உழுது போட்டுவிடும் என்பதால், எருமப்பட்டிப் பக்கம் கொஞ்சம் நிலம் வைத்திருந்தவர்கள் சர்க்காரிடம் லைசென்ஸ் வாங்கி ஆளுக்கொரு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரன் காலம் அது. அப்பா அந்தத் துப்பாக்கியால் எத்தனை பன்றி சுட்டார் என்று யாராவது கேட்டால் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள். சுடுவதைவிட அதற்கு எண்ணெய் போட்டுத் துடைப்பதில்தான் அவருக்கு ஆசை.

இதே ஆசை பிடித்த மனிதர்கள் சுற்று ஊர்களில் இன்னும் சிலர் இருந்தார்கள். சந்தையில் பார்த்துக்கொண்டால் மாட்டைப் பற்றிப் பேச மாட்டார்கள், மழையைப் பற்றிப் பேச மாட்டார்கள், துப்பாக்கியைப் பற்றியே பேசுவார்கள். ஒரு பங்குனியில் இவர்களெல்லாம் கூடி, மலையடிவாரத்தில் வற்றிக் கிடந்த ஓர் ஏரிக்குள் இரண்டு நாள் தங்கி முறையாகச் சுடப் பழகுவது என்று முடிவு செய்தார்கள். ஜெர்மன் சண்டைக்குப் போய்த் திரும்பிய பட்டாளத்துக்காரர் ஒருவரைச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு பண்ணினார்கள். கூட்டத்தில் ஒருவருக்கு நாமக்கல் கோர்ட்டில் உத்தியோகம். அவருக்காகச் சனி, ஞாயிறு என்று நாள் வைத்தார்கள். நான் ஒரே பிள்ளை. அப்பா போகிற இடத்துக்கெல்லாம் என்னை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போவார். பெண்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டவர்களிடம், மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆள் வேண்டாமா என்பார். அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும்.

அதற்கு ஒரு வாரம் முந்தி வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி, என் மாமன், அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தார். தை மாதம் பிரசவத்தில் அத்தையும் போய், பிள்ளையும் போய்விட்டது. அம்மாதான் தம்பியை அழைத்துக்கொண்டு வந்து வைத்திருந்தாள். மாமன் சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், கூப்பிடாவிட்டால் வர மாட்டார். அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. ஆம்பளை எத்தனை நாளைக்கு இப்படி மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்று மாமன் காதில் விழும்படியே சொல்லுவார்.

அன்றைக்கு மத்தியானம் வீட்டில் மாமனைத் தவிரப் பெரியவர்கள் யாரும் இல்லை. மாமன் துப்பாக்கியைச் சுவரிலிருந்து எடுத்துக் கெட்டித்துக்கொண்டிருந்தார். கெட்டிப்பது என்றால், குழல் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, இரும்புக் கம்பியால் இடித்து இறுக்குவது. அதன்மேல் ஈய ரவையைப் போட்டு மறுபடி நார் வைத்து இடிக்க வேண்டும். கடைசியாகக் குதிரைக்கு அடியில், அடிபட்டால் பொறி தெறிக்கிற செப்புக் கேப்பு ஒன்றைச் சின்னதாக வைத்தால் துப்பாக்கி தயார். இதெல்லாம் எனக்கு அத்துப்படி. பன்னிக்கா மாமா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையசைத்து, வெளியே போய் விளையாடு என்றார். பன்றி வேட்டைக்குப் பட்டப்பகலில் யார் கெட்டிப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. போய் விளையாடினேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே அம்மாவின் குரல் கேட்டு ஓடினேன். காட்டுக்குப் போனவள், மறந்துவிட்டுப் போன அரிவாளை எடுக்க வந்திருக்கிறாள். துப்பாக்கி அவள் கையில் இருந்தது, கேப்பு மட்டும் இன்னும் வைக்கவில்லை. மாமன் தரையில் குனிந்து உட்கார்ந்திருக்க, அவர் முதுகில் மாறி மாறி அடித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள். பிறகு கேப்பு டப்பியைக் கொண்டுபோய்க் குப்பைக்குழியில் வீசினாள். துப்பாக்கியை இருந்த இடத்திலேயே மாட்டினாள். என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"மாமன் துப்பாக்கியத் தொட்டான்னு உங்கொப்பன்கிட்ட மூச்சு உடக்கூடாது சாமி. அப்பன் தலைமேல சத்தியம் பண்ணு."

அப்பா அங்கே இல்லாததால் அம்மாவின் உள்ளங்கையில் அடித்து, அப்பா தலைமேல் என்று சொன்னேன். லைசென்ஸ் அப்பா பேரில் மட்டும்தான் இருந்தது. வேறு ஆள் தொட்டால் போலீசு பிடிக்கும் என்று பண்ணையாளை அப்பா ஒரு தடவை திட்டியிருக்கிறார். மாமனைத் திட்டு விழாமல் காப்பாற்றத்தான் அம்மா இப்படிச் செய்கிறாள் என்று நினைத்தேன். கேப்பு இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் இரும்பு என்று அவள் எண்ணியிருக்க வேண்டும். உள்ளே மருந்தும் ரவையும் இறுகிக் கிடந்தது எனக்குத்தான் தெரியும். அதனால் என்ன ஆகும் என்பது எனக்கும் தெரியாது.

அப்பா கிளம்பிய அன்று கேப்பு டப்பியைத் தேடினார். எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றாள் அம்மா. சரி, யாரிடமாவது வாங்கிக்கொள்கிறேன் என்றார். துப்பாக்கியை அம்மாவே எடுத்து வந்து வண்டியில் வைத்தாள். அது வீட்டை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது அவள் முகம்.

ஏரிக்குள் கூடாரம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. புளியமரத்தடியில் வண்டிகளை அவிழ்த்துவிட்டு, படுதாவைக் கட்டி நிழல் பண்ணியிருந்தார்கள். வந்ததும் துப்பாக்கிகளையெல்லாம் வரிசையாகச் சாத்திச் சந்தனப் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்துக் கும்பிட்டார்கள். ஏரிக்கரையை ஒட்டிச் சுண்ணாம்புப் புள்ளி வைத்த கரிப்பானைகளை அடுக்கினார்கள். முதல் நாள் முழுக்க ஒரு வெடிகூட இல்லை. நிற்பது, மண்டி போடுவது, குப்புறப் படுப்பது, இதுதான். தொப்பை வைத்த பெரிய மனிதர்களெல்லாம் பட்டாளத்துக்காரர் சொன்னதும் சொன்னபடி மண்ணில் விழுந்து புரண்டார்கள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

சாயங்காலம் அவர் தம்முடைய துப்பாக்கிக்குள் கம்பியை விட்டுக் காட்டியபோதுதான் என் சிரிப்பு நின்றது.

"கம்பி வாய்மட்டத்துக்கு எறங்குச்சுன்னா காலிங்க. மேல துருத்திக்கிட்டு நின்னா உள்ள ஆள் இருக்குதுன்னு அர்த்தமுங்க. அது தெரியாம மேல இன்னொருக்கா கெட்டிச்சு வெடிச்சா, குழலே பொளந்துக்கும். புடிச்ச கையும் இருக்காது, மொகமும் இருக்காது."

எந்த ஊரிலோ அப்படிச் செத்துப்போன ஒருவனுடைய கதையையும் சொன்னார். பிறகு எல்லாருடையதும் காலிதானுங்களே என்று கேட்டார். கேட்டதே தப்பு என்பதுபோல அத்தனை பேரும் சிரித்தார்கள். வீட்டில் பிள்ளைகுட்டி இருக்கிறபோது எவன் கெட்டித்து மாட்டுவான் என்றார் அப்பா. அவர் குரல்தான் எல்லாருடையதையும்விட உரக்க இருந்தது. ஒருத்தர் வாக்குக் கொடுத்த பிறகு அவர் துப்பாக்கிக்குள் கம்பியை விட்டுப் பார்ப்பது அவர் வீட்டு அடுக்குப்பானைக்குள் கையை விடுவதற்குச் சமம். பட்டாளத்துக்காரர் தம்முடைய கம்பியை உருவித் துடைத்து வைத்தார்.

நாளைக் காலையில் அப்பா மேலே இன்னொரு தடவை கெட்டிப்பார், குழல் பிளக்கும், அப்பா செத்துப்போவார். சொல்லிவிடலாம் என்றால் சத்தியம் இருக்கிறது. மீறினால் யார் தலைமேல் பண்ணினோமோ அவர் செத்துப்போவார் என்பது எங்கள் ஊரில் பால் மறந்த பிள்ளைக்கெல்லாம் தெரியும். சொன்னாலும் அப்பாதான், சொல்லாவிட்டாலும் அப்பாதான். இந்த அம்மா தன் தலைமேல் சத்தியம் வாங்கியிருக்கக் கூடாதா என்றுகூட நினைத்தேன். அவள்மேல் எனக்கு அப்படி ஓர் ஆத்திரம்.

விடிந்ததும் சுட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு வெடிக்கும் காதைப் பொத்திக்கொண்டு அப்பாவின் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் முறை வந்ததும் எனக்கு வயிற்று வலி வந்துவிட்டது. அவர் துப்பாக்கியை வைத்துவிட்டு ஓடி வந்தார். வந்திருந்த ஒவ்வொருவரிடமும் வயிற்று வலிக்கு ஒரு வைத்தியம் இருந்தது. ஒருவர் ஓமத்தைக் கசக்கி வாயில் போட்டார். ஒருவர் பெருங்காயத்தைக் கரைத்துத் தொப்புளில் தடவினார். கோர்ட்டு உத்தியோகக்காரர் எங்கிருந்தோ விளக்கெண்ணெயோடு வந்து நின்றார். எல்லாவற்றையும் குடித்தேன். அடுத்தவர் சுடப் போனதும் வலி நின்றது. மறுபடி அப்பாவைக் கூப்பிட்டதும் மறுபடி வந்தது.

"பிள்ளைக்கு வகுத்து வலியா, அப்பனுக்குக் கை நடுக்கமா?" என்றார் கோர்ட்டுக்காரர்.

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவுக்கு ரோசம் வந்துவிட்டது. இனி நீ செத்தாலும் சரி என்கிற மாதிரி என்னைப் பார்த்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்தார். கேப்பு இரவல் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். துப்பாக்கியை நிமிர்த்தி நிறுத்தி, அந்தப் பக்கம் திரும்பி மருந்துக் குடுவையின் மூடியைத் திருகினார்.

சொல்லக்கூடாது என்றுதானே சத்தியம். வாயைத் திறக்காவிட்டால் சத்தியம் மீறியதாகாது என்று அந்த நொடியில் தோன்றியது. ஓடிப்போய்க் குழலை ஒட்டிச் செருகியிருந்த கம்பியை உருவினேன். எக்கி நின்று அதைக் குழல் வாயில் போட்டேன். அது டக்கென்று இடித்து நின்றது. போன அளவு போய், மீதி மேலே துருத்திக்கொண்டு நின்றது.

அதட்டுவதற்காகத் திரும்பிய அப்பா கம்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு யாருக்கும் தெரியாமல் கம்பியை உருவி எடுத்துவிட்டு என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"ஆரு சாமி?"

நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"மாமனா?"

ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அழுதேன். அப்பாவின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. எழுந்து போய், பிள்ளைக்கு ரொம்ப முடியவில்லை, நாங்கள் கிளம்புகிறோம் என்று பொதுவாகச் சொன்னார். கோர்ட்டுக்காரர் மறுபடி ஏதோ சொன்னார், மறுபடி சிரித்தார்கள். பல நாளாக இந்த இரண்டு நாளையே பேசிக்கொண்டிருந்த மனிதர், திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியைப் பூட்டினார்.

மாட்டின்மேல் அடி விழ விடாதவர் அன்று வழியெல்லாம் அடித்து ஓட்டினார். துப்பாக்கியின் வாயை வண்டிக்குப் பின்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார். மாமன் சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா என்று என்னை இரண்டு தடவை கேட்டார். ஒரு பயம் போய் எனக்கு இன்னொரு பயம் வந்தது. இன்றைக்கு மாமனைக் கொன்றே போடுவார் என்று நினைத்தேன். காட்டிக்கொடுத்ததற்கு மாமன் இனி என்னோடு பேசமாட்டார் என்று நினைத்தேன்.

வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. மாட்டை அவிழ்க்காமல், துப்பாக்கியைத் தூக்கித் தானியக் குதிருக்குள் போட்டுவிட்டு, அப்பா தோட்டத்துக்கு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். கிணற்றடியில் ஆள் இல்லை. அப்பா போய்க் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். எதற்கு அங்கே பார்க்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அப்பாலே சோளக்காட்டில் மாமன் தட்டு அறுத்துக்கொண்டிருந்தார். கைக்கெட்டுகிற தூரத்தில் அம்மா வரப்பில் உட்கார்ந்திருந்தாள். வேலை எதுவும் செய்யவில்லை. சும்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டாள்.

அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு மாமன் எதிரில் போய் நின்றார். இதோ அடிக்கப் போகிறார் என்று நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பசிக்குது மாப்ள," என்றார் கடைசியில். "வா, ரெண்டு பேரும் போய்ச் சோறு திங்கலாம்."

மாமன் அரிவாளைக் கீழே போட்டார். அப்பா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். அப்பா அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. சரிதான், சத்தியம் பலிக்கத் தொடங்கிவிட்டது, சாகப்போகிறார், அதுதான் அழுகிறார் என்று நானும் சேர்ந்து ஓவென்று கத்தினேன். ஆளுக்கொரு காரணத்துக்காக நாலு பேரும் அந்தச் சோளக்காட்டில் நின்று அழுதோம்.

அப்பா சாகவில்லை. மறுநாள் குழலில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே எடுத்தார். துப்பாக்கியைக் கொண்டுபோய்ச் சர்க்காரிடமே ஒப்படைத்துவிட்டு வந்தார். அந்த வருசம் பன்றிகள் கடலையைத் தின்று தீர்த்தன. அப்பா எங்கே போனாலும் என்னை விட்டுவிட்டு மாமனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். எனக்கு அது பொறுக்கவே இல்லை. குற்றம் பண்ணியவருக்கு வண்டிச் சவாரி, உயிரைக் காப்பாற்றியவளுக்கு வீட்டு வேலையா என்று அம்மாவோடு சண்டை போட்டேன். அவள் என் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டாள்.

நான் விட்டுவிடவில்லை. பள்ளிக்கூடத்தில் சொன்னேன், கல்யாண வீடுகளில் சொன்னேன், வந்த விருந்தாளிகளிடமெல்லாம் சொன்னேன். மாமன் மறுபடி கல்யாணம் பண்ணி, பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பிள்ளைகளை எதிரில் வைத்துக்கொண்டே சொன்னேன். உங்கப்பா கெட்டித்து வைத்த துப்பாக்கியால் எங்கப்பா செத்திருப்பார், நான்தான் காப்பாற்றினேன் என்பேன். மாமன் தலையைக் குனிந்தபடி ஒரு வரி விடாமல் கேட்பார். கேட்டு முடித்துவிட்டு, கெட்டிக்காரி சாமி நீ என்பார். அன்றைக்கு அந்தத் துப்பாக்கியில் இருந்தது அவருடைய சாவு என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியாது.