ரிப்பேர் தீராத பிக்கப்

என் மாமனார் பம்ப் மெக்கானிக். கெட்டுப்போன பொருளைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. எங்கள் வீட்டு வம்பு அத்தனைக்கும் அந்தக் கைதான் காரணம்.

நாலு சக்கரமும் இழுக்கும் நாற்பது வயதான ஃபோர்வீல் பிக்கப் வண்டி ஒன்று அவருடைய ஷெட்டை அடைத்துக்கொண்டு நின்றது. மாமியார் தையல்காரர். கட்டில்மேல் துணியை விரித்து வெட்டி, அடுப்புக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்து தைப்பார். இப்போது ஒரு பள்ளிக்கூடம் இருநூறு சீருடை தைக்கக் கேட்டிருந்தது. மாத முடிவுக்குள் ஷெட் காலியாகி மேஜை போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் ஆர்டர் வேறு கைக்குப் போய்விடும்.

'பிக்கப் விற்பனைக்கு, சின்னச் சின்ன ரிப்பேர் உண்டு' என்று நான்தான் விளம்பரம் போட்டேன். வந்தவர்கள் ஆளுக்கொரு குறை சொன்னார்கள். கதவு சாத்தவில்லை, வைப்பர் ஓடவில்லை, சைலன்சர் ஊரையே கூட்டுகிறது.

"ரெண்டு நாள் கழிச்சு வாங்க, சரிபண்ணி வைக்கிறேன்" என்று எல்லோரையும் அனுப்பிவைத்தார் மாமனார். போனவர்கள் போனவர்கள்தான். மனுஷனோ ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டே இருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமனாராயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வந்தார். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார், கதவைத் திறந்து மூடினார். முகம் தொங்கிப்போயிற்று.

"என்ன சார், எல்லாம் நல்லா இருக்கே! ரிப்பேர்னு போட்டிருந்ததாலதான் ரெண்டு பஸ் மாறி வந்தேன். வீட்ல பொழுது போகல, கழட்டி மாட்ட எனக்கு ஏதாவது வேணும்."

மாமனார் திருதிருவென்று விழித்தார். மாமியார் கத்திரிக்கோலும் கையுமாக ஓடி வந்தார்.

"ஏங்க, நாலு சக்கரமும் இழுக்குறதுக்கு ஒரு கம்பி இருக்கே, அதைப் போட்டா போட்ட இடத்துல நிக்காதுன்னு சொன்னீங்களே?"

"அதை நாளைக்குப் பார்த்துடலாம்னு…"

"நாளைக்கு நீங்க ஒண்ணும் பார்க்க வேணாம்!"

தபால்காரர் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். கம்பியை இழுத்துப் போட்டு நாலடி ஓட்டியதுமே அது டக்கென்று கழன்றுகொண்டது. மறுபடி போட்டார், மறுபடி கழன்றது. சிரித்துக்கொண்டே பணத்தை எடுக்கப் பையில் கைவிட்டார்.

வண்டி வாசலைத் தாண்டுவதற்குள் மாமியார் தையல் மிஷினை ஷெட்டுக்கு இழுத்துவந்துவிட்டார். நடுவில் நின்று இரண்டு கையையும் அகல விரித்துப் பார்த்தார். எதிலும் இடிக்கவில்லை.

தபால்காரர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமைல ஒத்தாசைக்கு வருவீங்களா சார்?"

மாமனார் தயங்கி மாமியாரைப் பார்த்தார்.

"தாராளமா போயிட்டு வாங்க" என்றார் மாமியார். "திரும்பி மட்டும் பஸ்ல வாங்க."