திருவிழாவுக்குத் திருவிழா ஒரு ஸ்னாப்ஷாட்

எனக்குப் பொறுமை கிடையாது. கணினி வேலைக்காரனுக்கு இருக்கவே கூடாத குணம். என்ன செய்ய, வாய்த்துவிட்டது. தலவாக்கலையில் ஒரு தேயிலைக் கம்பனியின் வட்டார ஒபிஸில் நானும் இன்னொரு பெண்ணும்தான் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறோம். வயதில் இளையவள், வேலையில் எனக்குச் சமம். என்னை "அண்ணே" என்பாள், திட்டும்போதும் அப்படித்தான்.

எங்கள் பெரிய சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகள் ஓடுகின்றன. முக்கியமானது கொழுந்துக் கணினி. தோட்டத்து நிறுவைக் கொட்டகையான ஒவ்வொரு மடுவத்திலும் தராசில் தேயிலைக் கொழுந்து நிறுக்க நிறுக்க, யார் எத்தனை கிலோ பறித்தார் என்பது அதில்தான் வந்து சேரும்; சம்பளக் கணக்கும் அதை வைத்துத்தான். எல்லாவற்றையும் கட்டி மேய்க்கத் தனியாக ஒரு நிர்வாக சர்வர். அது பழசாகிவிட்டதால் மாற்ற வேண்டியிருந்தது. பழையதின் பக்கத்திலேயே புதியதை நிறுவி, தரவை நகலெடுத்து, அப்புறம்தான் பழையதை அணைக்கலாம். அதுவரை இரண்டுக்கும் இடம் வேண்டும்.

அன்று காலை வேலையைத் தொடங்கியதுமே திரை கையை விரித்தது: டிஸ்கில் இடமில்லை.

"எந்தப் பேய் தின்னுச்சு அத்தனை இடத்தையும்?" என்று கத்தினேன்.

அவள் கொழுந்துக் கணினியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். உள்ளே வரிசையாக ஸ்னாப்ஷாட்கள். ஒன்றை எடுத்தால் கணினியின் அந்த நேரத்து நிலை அப்படியே காக்கப்படும். அதன்பின் பதிவதெல்லாம் தனிக் கோப்பில் சேர்ந்து வீங்கும். அதனால் சீக்கிரமே நீக்கிவிட வேண்டும். எங்கள் ஒபிஸ் வழக்கமோ வேறு. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு லீவு போடுகிறவர், தான் இல்லாதபோது ஏதும் ஆகிவிடக் கூடாதே என்று ஒன்று எடுத்துவைத்துவிட்டுப் போவார். திரும்பி வந்து நீக்குவதில்லை. தோட்டத்துக்குத் தோட்டம் திருவிழா வேறு நாளில். வேலையை விட்டுப் போனவர்களின் அம்மன்கள்கூட உள்ளே குடியிருந்தார்கள்.

"அந்தக் கோப்புகளையெல்லாம் அழிச்சுத் தள்ளு!" என்று கீபோர்டை இழுத்தேன்.

"கைய எடுங்கண்ணே! முதல் ஸ்னாப்ஷாட்டுக்கு அப்புறம் நிறுத்த கொழுந்தெல்லாம் அந்தக் கோப்புலதான் கெடக்கு. இன்னைக்குக் காலையில நிறுத்ததும் அதுலதான். ராத்திரி எடுக்குற நகலும் எடமில்லாம நின்னு சில நாளாச்சு. இது போனா அந்த நாள் கிலோவெல்லாம் போச்சு."

கீபோர்டை அவள் பக்கமே தள்ளிவிட்டேன். அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து மேலதிகாரி போன் எடுத்தார். அவள்தான் பேசி நிலைமையைச் சொன்னாள். சர்வர் மாற்றம் இன்றைக்குள் முடிய வேண்டுமாம். பழைய நகலைப் போட்டுவிட வேண்டுமாம்; சில நாள் கிலோ போனால் போகட்டும், ஆளுக்கு ஒரு சராசரி போட்டுக்கொள்ளலாமாம்.

"சராசரியா யாரும் பறிக்கல சேர்," என்றாள். "மழையில நின்னு ஒவ்வொருத்தரும் அவங்கவங்க கொழுந்தப் பறிச்சாங்க. நேரமாகும். முடிச்சிட்டுச் சொல்றேன்." போனை வைத்துவிட்டாள். எனக்கு அந்தத் துணிச்சல் வராது, சத்தியமாக வராது.

முதலில், பயிற்சிக்கு வைத்திருந்த ஒரு கணினியை வேறு டிஸ்குக்கு மாற்றிக் கொஞ்சம் இடம் பிடித்தாள். பிறகு ஆகப் பழைய ஸ்னாப்ஷாட்டிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொன்றாக மூல டிஸ்கோடு சேர்த்தாள். ஒன்று முடிந்து, சரிபார்த்து, அப்புறம்தான் அடுத்தது. இணைப்பு ஓரிடத்தில் அசையாமல் நின்று என் உயிரை வாங்கியது. நான் எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், முனகினேன். அவள் வடை சாப்பிட்டாள்.

"சும்மா இருங்கண்ணே, அது வேலை பாக்குது. நம்ம தொந்தரவு பண்ணாம இருக்குறதுதான் நம்ம வேலை."

கடைசி அம்மனும் மலையேறியபோது டிஸ்கில் தாராளமாக இடம். புதிய நிர்வாக சர்வர் முனகாமல் ஏறியது. அந்தி நிறுவைக்கு ஒவ்வொரு மடுவமாகக் கிலோக்கள் வரத் தொடங்கின. "கெட்டிக்காரிடி நீ!" என்று வாய்விட்டே சொன்னேன்.

மறுநாள் தராசைச் சரிபார்க்க இருவரும் ஒரு மடுவத்துக்குப் போனோம். அங்கே கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் கணக்கப்பிள்ளையைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார்.

"நேத்துக் காலையில எனக்குப் பதினாலு கிலோங்க! பதிமூணுன்னா சொல்றீங்க? அந்தப் பொட்டியத் தொறந்து காட்டுங்க!"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இவங்களுக்காக நேத்து நம்ம பட்ட பாடு..." என்று ஆரம்பித்தேன்.

"சண்டை போடட்டும்ணே," என்றாள் அவள். "பதிவு இருக்கப்போய்த்தானே சண்டை போட முடியுது."

கணக்கப்பிள்ளை திரையைத் திறந்தார். பதினான்கு என்று இருந்தது. அந்த அக்கா எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறிப் போனார்.